சேரி எல்லையைத் தாண்டிய பெரியவர்: இளையபெருமாளும் நம் தென்னார்க்காட்டு நினைவும்



ஒரு கிராமத்துக் குடும்பப் பெரியவரின் நெடிய வாழ்க்கையை எப்படி நினைவுகூர்வது என்பதை இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். கேட்பதற்கு இது எளிய பொருள். எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். படம் மாட்டுகிறோம், மாலை போடுகிறோம், திதி கொடுக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெரியவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுமாறுகிறோம். அவர் பிறந்த நாள் நமக்குத் தெரியாது.

நம் தாத்தாக்களிடம் வயது கேட்டவர்களுக்கு இது தெரியும். பதில் ஆண்டுக்கணக்கில் வராது. "பெருவெள்ளம் வந்தப்ப நான் கைக்குழந்தையாம்" என்பார்கள். "ரேஷன் அரிசி வந்தப்ப மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன்" என்பார்கள். "காமராசரு பள்ளிக்கூடத்துல சோறு போட்டப்ப எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சு" என்பார்கள். பண்ணையில் ஆள் சேர்ந்த வருசமும், ஆண்டை வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்ட வருசமும் அவர்களுக்கு நினைவில் இருக்கும். தம் பிள்ளை பிறந்த தேதி இருக்காது. அது மறதி அல்ல. யாருடைய நாளைக் குறித்து வைக்க வேண்டும், யாருடைய நாளைக் குறிக்க வேண்டியதில்லை என்று ஊர் வகுத்திருந்த கணக்கு அது.

இரண்டு பெயர்கள் கொண்ட மனிதர்

'பெரியவர்' என்ற சொல்லையே முதலில் பார்ப்போம். சேரிக்குள் அவர் பெரியவர். பஞ்சாயத்தில் அவர் சொன்னால் எடுபடும். பெண் பார்க்கப் போனால் அவர் முன்னால் நடப்பார். ஒரு வீட்டில் சண்டை என்றால் நள்ளிரவிலும் அவரை எழுப்புவார்கள். அதே மனிதர் விடிந்ததும் ஊர்த்தெருவுக்குப் போகிறார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கோ அக்குளுக்கோ இறங்குகிறது. செருப்பு கைக்கு வருகிறது. பேரன் வயதுள்ள பையன் அவரை 'டேய்' என்று கூப்பிடுகிறான். இவர் அந்தப் பையனை 'ஆண்டை' என்கிறார். அவருடைய மூப்பு சேரி எல்லையோடு முடிந்துவிடுகிறது.

நாம் பாட்டனைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு மனிதரையும் சேர்த்தே எழுத வேண்டும். சேரிக்குள் இருந்த கம்பீரத்தை மட்டும் எழுதினால் அது வெறும் குலப்பெருமை. ஊர்த்தெருவில் குனிந்ததை மட்டும் எழுதினால் அவர் அழுது தீர்த்த மனிதராக மட்டும் நின்றுவிடுவார். இரண்டுக்கும் நடுவில் தினமும் நடந்த அந்தத் தூரம்தான் அவர் வாழ்க்கை.

நம் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையைப் பாருங்கள். அங்கே மூன்று ஜாகிர்கள் இருந்தன. சடையக் கவுண்டன் ஜாகிர், குறும்பக் கவுண்டன் ஜாகிர், ஆரியக் கவுண்டன் ஜாகிர் என்று அவற்றுக்குப் பெயர். ஒரு குடும்பத் தலைவரின் பெயரே ஒரு மலைப்பகுதியின் பெயராகி ஆவணத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு அந்த ஜாகிர்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அதுவரை அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? சமவெளியில் படியாளாக உழைத்த நம் பெரியவர்களின் பெயரும் அதே ஏட்டில்தான் இல்லை. ஜாகிர்தாரும் பெரியவர்தான், நம் பாட்டனும் பெரியவர்தான். ஒருவர் பெயர் நிலத்தின் பெயராயிற்று. மற்றவர் பெயர் வாய்மொழியில் மட்டும் தங்கி, சொன்னவர்கள் இறந்ததும் போயிற்று.

ஏன் இளையபெருமாள்

இந்த இடத்தில்தான் பெரியவர் எல். இளையபெருமாளை நினைக்கிறோம். அவர் காட்டுமன்னார்கோயில்காரர். கள்ளக்குறிச்சியில் கூடியிருக்கும் நாம் அவரைப் பேசுவதற்கு என்ன உரிமை என்று இளைஞர்கள் கேட்கலாம். உரிமை உண்டு. 1993 செப்டம்பர் 30 வரை அவரும் நாமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். மனு கொடுக்க நம் பெரியவர்கள் போனதும் அதே கடலூர்க் கலெக்டர் ஆபீசுக்குத்தான். பிறகு விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின. சேரிக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த கோடு மட்டும் கொள்ளிடக்கரையிலும் கோமுகிக்கரையிலும் ஒன்றாகவே இருந்தது.

இளையபெருமாள் பிறந்தது 1924 ஜூன் 26. அடுத்த மாதமே காவிரியிலும் கொள்ளிடத்திலும் வரலாறு காணாத வெள்ளம். நம் தாத்தாக்கள் பாஷையில் சொன்னால் அவர் 'பெருவெள்ளத்துப் பிள்ளை'. ஆனால் அவருக்குப் பிறந்த தேதி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் பானையும் இருந்தது. அந்தப் பானையை உடைத்த பையன் அவர். பிற்காலத்தில் அவர் செய்த வேலை எல்லாவற்றுக்கும் இந்தப் பானையே தொடக்கம் என்று சொல்லலாம். தனிப் பானையில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. தனிப் பானை எதற்கு என்று கேட்டார்.

தென்னார்க்காட்டில் இந்தக் கேள்வி அவருக்கு முன்பே எழுந்துவிட்டது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் முன்பு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியார் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று நம் கிராமங்களில் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை இந்த அவைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரியவருக்குக் கிடைத்த பட்டா அவருடைய பேரனிடம் ஏன் இல்லை என்று விசாரித்தால் கடன், கல்யாணம், சாராயம், மிரட்டல், கைரேகை என்று ஒரு குடும்ப வரலாறே வெளியே வரும். அந்த வரலாற்றைத் தெரிந்தவர் வீட்டு மூலையில் கட்டிலில் படுத்திருக்கும் கிழவர் மட்டுமே.

இரண்டு ஓட்டும் ஒரு பெரியவரும்

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அந்தத் தனி இடத்தில் காங்கிரஸ் சார்பில் வென்று, இருபத்தேழு வயதில் நாடாளுமன்றம் போனார் இளையபெருமாள். 1957-இல் சிதம்பரம் தொகுதியிலிருந்து மீண்டும் போனார்.

அந்தத் தேர்தல் நம் பெரியவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஊர்ப் பொது இடத்தில் அவர்கள் வரிசையில் நின்றதில்லை. ஆண்டை வீட்டுக் களத்தில் கூலி நெல்லுக்காகக் காத்து நிற்பது வேறு, வாக்குச்சாவடியில் ஆண்டைக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பது வேறு. அவர்களுடைய பெயரை, தகப்பன் பெயரோடும் வயதோடும் அரசாங்கம் ஒரு தாளில் அச்சடித்ததும் பலருக்கு அதுவே முதல் முறை. வயது தோராயமாகத்தான் எழுதப்பட்டது. இருந்தாலும் ஏட்டில் இல்லாத மனிதர் முதன்முதலாக ஏட்டில் ஏறினார்.

1932-இன் பூனா ஒப்பந்தம் தந்த கூட்டுத் தொகுதி முறையின் குறையும் இதே தேர்தலில் தெரிந்தது. தனி இடத்தில் நிற்கும் நம் ஆள் மற்றவர் ஓட்டையும் நம்பித்தான் வெல்ல வேண்டும். இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் எடுக்கப்பட்ட பிறகும் அந்த நெருக்கடி தீரவில்லை. இளையபெருமாளின் அரசியல் வாழ்க்கை முழுவதும் இதற்குள்தான் நடந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் பாராட்டவும் வேண்டும், விமர்சிக்கவும் வேண்டும்.

ஒரு தேசத்துச் சேரிகளின் சாட்சியம்

அவர் வாழ்க்கையின் பெரிய வேலை 1965-இல் தொடங்கியது. தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதி மக்களின் பொருளாதார, கல்வி மேம்பாடு குறித்தும் ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். 'இளையபெருமாள் கமிட்டி' என்று நாடு அதை அழைத்தது. மாநிலம் மாநிலமாகப் போய் விசாரித்து 1969-இல் அறிக்கை தந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி வாரத்தில், டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டிருந்தார்கள். அறிக்கை எந்த நேரத்தில் வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இந்த அறிக்கையை நாம் வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று சொல்லியிருந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. தாளில் எல்லாம் முடிந்திருந்தது. டீக்கடையில் தனிக்குவளை இருக்கிறதா, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடுகிறார்களா, கோயிலுக்குள் போக முடிகிறதா என்பதைத் தாளைக் கேட்டால் தெரியாது. சேரியில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அங்கே பேசுகிறவர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக அதைப் பட்டு அனுபவித்த பெரியவரும் பெரியவளும்தான். எழுதப்படாத அந்த வாழ்க்கைகள் அரசாங்கத்தின் ஏட்டில் சாட்சியமாக ஏறியதுதான் இளையபெருமாள் கமிட்டி. பள்ளிக்கூடத்துப் பானை நாடாளுமன்றம் வரை போன வழி அது.

அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, இந்து சமூகத்தில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது. அதை எடுத்துக்கொண்டே தமிழ்நாடு அரசு 1970-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. உச்ச நீதிமன்றம் 1972-இல் சேஷம்மாள் வழக்கில் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. ஆனால் ஆகம மரபுக்குப் புறம்பாக நியமிக்கக் கூடாது என்று வாசலைப் பாதி மூடியது. பல சாதிகளிலிருந்தும் பயிற்சி பெற்ற அர்ச்சகர்களுக்குத் தமிழ்நாடு அரசு பணி ஆணை வழங்கியது 2021 ஆகஸ்டில். பரிந்துரைக்கும் ஆணைக்கும் இடையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு பெரியவர் பிறந்து, பிள்ளை பெற்று, பேரன் பார்க்கும் காலம் அது.

1955-ஆம் ஆண்டுச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனதிலும் இந்தக் கமிட்டியின் பங்கு பெரியது. குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை வந்தது. சமரசம் பேசி வழக்கை முடிக்கும் வழி அடைக்கப்பட்டது. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்றாயிற்று. அதே 1976-இல்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. கல்வராயன் மலை ஜாகிர்கள் போனதும் அதே ஆண்டில். நெருக்கடிநிலையின் இருட்டுக்குள் வந்த இந்த மூன்றையும் நம் மாவட்டத்து மலையும் சமவெளியும் ஒரே ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பறையும் கட்சியும்: நாம் கேட்க வேண்டியவை

பெரியவரை நினைவுகூர்வது அவருக்குக் கற்பூரம் காட்டுவதல்ல. இளையபெருமாளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு.

ஒன்று பறை. ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போவது, பறையடிப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது ஆகியவற்றை நம் குடும்பங்களின் மேல் சுமத்தப்பட்ட கடமையாக அவர் பார்த்தார். அவற்றை மறுக்கச் சொன்ன போராட்டங்களில் முன்னே நின்றார். இன்று நம் பிள்ளைகள் மேடையில் பறையைக் கலையாக, உரிமையாக, பெருமையாக முழக்குகிறார்கள். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். சற்று நிதானித்தால் ஒரே கேள்வியின் இரண்டு காலம் என்பது புரியும். பறையடிக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு தலைமுறை அடிபட்டதால்தான், விரும்பினால் அடிப்பேன் என்று அடுத்த தலைமுறையால் சொல்ல முடிகிறது. மறுத்த பெரியவரையும் முழக்கும் பேரனையும் ஒரே குடும்பத்தவராகப் பார்க்க நாம் பழக வேண்டும்.

மற்றொன்று கட்சி. வாழ்வின் பெரும்பகுதியைக் காங்கிரஸில் கழித்தவர் அவர். 1979-80-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும், 1980-இல் எழும்பூர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அம்பேத்கர் விமர்சித்த கட்சியில் இவ்வளவு காலம் ஏன் இருந்தார் என்று நம் இளைஞர்கள் கேட்பது நியாயம். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோதே அதன் அறிக்கை மூலமாக அதையே குற்றக்கூண்டில் ஏற்றினார் என்பதும் உண்மை, அந்தக் கட்சி அறிக்கையை விரைந்து நடைமுறைப்படுத்தவில்லை என்பதும் உண்மை. 1980-களின் இறுதியில் அவர் தனியே இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். அந்த வயதில் ஒரு மனிதர் வீட்டை மாற்றவே தயங்குவார். அவர் கட்சியை மாற்றினார். இதில் நமக்கான பதிலும் இருக்கிறது, பதில் வராத பகுதியும் இருக்கிறது.

தம் வாழ்க்கையை அவரே 'சித்திரை நெருப்பு' என்ற நூலாக எழுதி வைத்துவிட்டு, 2005 செப்டம்பரில் எண்பத்தொரு வயதில் மறைந்தார். தென்னார்க்காட்டுச் சேரிகளின் பெரியவர்களில் தம் கதையைத் தம் சொல்லால் அச்சில் விட்டுப் போனவர்கள் மிகக் குறைவு. 2024 அவருடைய நூற்றாண்டு. சிதம்பரத்தில் அரசு அவருக்கு நினைவரங்கம் அமைத்திருக்கிறது. சிலை நல்லதுதான். அறிக்கையைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதே நமக்கு முக்கியம்.

எரிந்த தேரும் எரிந்த சிதைகளும்

இனி நம் வாசலுக்கு வருவோம். சங்கராபுரம் அருகே சேஷசமுத்திரத்தில் 2015 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலை நாள் கொண்டாடிய அதே நாளில், தலித் மக்கள் பொதுப்பாதையில் இழுக்க வைத்திருந்த தேர் எரிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. கோயிலுக்குள் அர்ச்சகராவது பற்றி 1969-இல் எழுதினார் இளையபெருமாள். நாற்பத்தாறு ஆண்டு கழித்து நம் மாவட்டத்தில், தெருவில் தேர் இழுப்பதே சண்டையாக இருந்தது. அந்தத் தேர் எரிவதைப் பார்த்து நின்ற கிழவர்களுக்கு அது புதிய காட்சியா, பழைய காட்சியா என்று நாம் கேட்டு எழுதிவைக்கவில்லை. அது நம் தவறு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே, கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், நம் மக்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. பத்திரிகைகள் இறந்தவர் எண்ணிக்கையைச் சொல்லின, நிவாரணத் தொகையைச் சொல்லின. நாம் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் இனிமேல் ஒரு தாத்தா இல்லாமல் வளரும்? நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் போனவர்கள் பெரியவர் ஆகும் முன்பே போனவர்கள். பேரனுக்குக் கதை சொல்ல வேண்டிய வாய்கள் அவை. பஞ்சமிப் பட்டா யார் பெயரில் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள், எந்தப் பாதையில் முதலில் செருப்புப் போட்டு நடந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள். நெடிய ஆயுள் என்பதும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படாத சொத்துதான்.

ஆகவேதான் நம் சேரியில் எண்பது வயது வாழ்ந்த ஒருவரைப் பார்த்து 'கொடுத்து வைத்தவர்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் தப்பிப் பிழைத்த சாட்சி. இளையபெருமாள் செய்ததும் தம்மைப் போன்ற ஆயிரமாயிரம் சாட்சிகளைக் கேட்டு எழுதியதுதான்.

வீட்டுக்கு வீடு ஓர் அறிக்கை

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'குடும்பத் தலைவர்' என்று பேசப் போனால் ஆணின் கதை மட்டும் மேலே வந்துவிடும். பண்ணையில் தாத்தா வாங்கிய கூலியைத் தெரிந்த அளவுக்கு, நாற்று நட்டும் கரும்புத் தோகை உரித்தும் பாட்டி வாங்கிய கூலி நமக்குத் தெரியாது. பெரியவர் குடித்துவிட்டு வந்த இரவுகளில் வீட்டில் என்ன நடந்தது என்பதும் குடும்ப வரலாறுதான். அதைச் சொல்ல வேண்டியவள் பாட்டி. அவளிடம் கேட்காமல் எழுதப்படும் எந்த வரலாறும், ஊர் நம்மை விட்டுவிட்டு எழுதியதைப் போன்றதே.

ஆகவே இந்த மன்றத்தின் சார்பில் ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு மூத்தவரிடம் உட்காருங்கள். யாரிடம் ஆளாக இருந்தீர்கள், கூலி எத்தனை மரக்கால், அது எப்போது பணமாயிற்று, ஊர்க்கிணற்றில் முதலில் தண்ணீர் எடுத்தது யார், டீக்கடையில் தனிக்குவளை எந்த வருசம் போயிற்று, போயிற்றா, நிலம் இருந்ததா, எப்படிப் போயிற்று, முதல் ஓட்டை எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். ஊர்த்தெருவில் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். பொறுமையாக இருங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் வெள்ளத்தை எழுதுங்கள், பஞ்சத்தை எழுதுங்கள், தேர்தலை எழுதுங்கள். தேதியை நாம் பிறகு சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.

காட்டுமன்னார்கோயில் சேரியிலிருந்து கிளம்பிய ஒருவர் அந்த வேலையை நாடு முழுவதற்கும் செய்து காட்டினார். நாம் நம் தெருவுக்காவது செய்வோம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் சொற்பொழிவு வேண்டாம். நீங்கள் எழுதிக்கொண்டு வரும் ஏடுகளைப் படிப்போம். எழுதக் கொடுத்த அந்த மூத்தவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்கட்டும்.